கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் மக்கர் செய்தால்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

லினக்ஸ் லேப்டாப்பில் கெர்னல், அதாவது வன்பொருளை இயக்கும் இயங்குதள மையப்பகுதி, அப்டேட் ஆனது; முடிந்து ரீஸ்டார்ட் கொடுத்தீர்கள்; லேப்டாப் கிளம்பவில்லை. உடனே பென்டிரைவை எடுத்து எல்லாவற்றையும் ஃபார்மட் செய்ய உட்கார வேண்டாம். உங்கள் கோப்புகளுக்கு அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா என எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) ஆனாலும் புது கெர்னல் பழையதை அழித்துவிட்டு வருவதில்லை, அதன் பக்கத்திலேயே வந்து உட்காருகிறது. ஃபெடோரா வழக்கமாக மூன்று கெர்னல்களை வைத்திருக்கும். உபுண்டு, புதியதோடு முந்தையது ஒன்றையாவது விட்டுவைக்கும். ஆர்ச் மட்டும் விதிவிலக்கு. அங்கே கெர்னல் வரும் 'லினக்ஸ்' பொதி (பேக்கேஜ்) அப்டேட் ஆனதும் பழசு போய்விடும். ஆர்ச் ஓட்டுபவர்கள் நீண்ட கால ஆதரவுள்ள கெர்னலான 'லினக்ஸ்-எல்டிஎஸ்' பொதியையும் கூடவே போட்டு வைப்பது இதற்காகத்தான். இன்னும் போடாதவர்கள் இந்தப் பத்தியைப் படித்த கையோடு போட்டுவிடலாம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியது, பழைய கெர்னலில் கிளம்புகிறதா என்பது. கிளம்பினால், குற்றவாளி புது கெர்னலோ அதோடு ஒட்டிக்கொண்டு ஓடும் டிரைவர், இனிட்ராம்எஃப்எஸ் (துவக்கத்தில் கெர்னலுக்குத் தேவையான டிரைவர்கள் அடங்கிய கோப்பு) போன்ற ஏதோ ஒன்றோ. பழையதிலும் அதே கோளாறு என்றால் கெர்னலைத் திட்டுவதில் பயனில்லை. அதே நாளில் வேறென்ன அப்டேட் ஆனது, டிஸ்க் நலமாக இருக்கிறதா, பேட்டரி நலமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே பலர் மணிக்கணக்கில் துவக்க அளவுருக்களை (கெர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புச் சொற்களை) மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டளைகளைக் கீழே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பழைய கெர்னலுக்குப் போகும் வழி

விண்டோஸும் கூட இருக்கும் லேப்டாப்பில் கிரப் மெனு (எதைத் துவக்குவது என்று கேட்கும் பட்டியல்) தானாக வரும். லினக்ஸ் மட்டும் இருந்தால் உபுண்டு அதை மறைத்துவிடும். யுஇஎஃப்ஐ (பயாஸுக்கு அடுத்து வந்த புதிய வகை) லேப்டாப்பில், தயாரிப்பாளர் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் வகையில் ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள். பதற்றத்தில் எஸ்கேப்பை நாலைந்து முறை தட்டினால் 'கிரப்>' என்ற வெறும் வரியில் போய் நிற்கும். பயப்பட ஒன்றுமில்லை: 'நார்மல்' என்று தட்டி என்டர் கொடுத்து, உடனே எஸ்கேப்பை ஒருமுறை தட்டினால் மெனு வந்துவிடும். அங்கே 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வரிக்குள் போனால் கெர்னல்கள் பதிப்பு எண்ணோடு வரிசையாக இருக்கும். மேலே இருப்பது புதியது. அதற்கு அடுத்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 'ரெகவரி மோட்' என்று முடியும் வரிகளை இப்போதைக்கு விடுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது கெர்னல் வரியில் நின்று 'ஈ' எழுத்தை அழுத்தினால் துவக்க அளவுருக்கள் திறக்கும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் 'குவயட் ஸ்பிளாஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு கன்ட்ரோல்-எக்ஸ் கொடுங்கள். அழகான லோகோவுக்குப் பதில் செய்திகள் ஓடும். எந்த வரியில் நிற்கிறதோ அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே செய்யும் மாற்றம் அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டும்தான், எதுவும் நிரந்தரமாகக் கெட்டுப்போகாது.

பவர் பட்டனை அழுத்தினால் லோகோகூட வரவில்லை

லோகோ வருவதற்கு முன் கெர்னலுக்கு அங்கே வேலையே இல்லை. சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்து, சார்ஜரை மறுபடி செருகிப் பாருங்கள். உள்ளே மின்சாரத்தை நிர்வகிக்கும் சின்ன சிப் சில சமயம் குழம்பி நின்றுவிடும், இதில் அது தெளிந்துவிடும். பல திங்க்பேட்களின் அடிப்பக்கத்தில் இதற்கென்றே ஊசித்துளை ஒன்று இருக்கிறது. அப்போதும் உயிர் வரவில்லையென்றால் அது சர்வீஸ் கடை விஷயம். அப்டேட்டும் கோளாறும் ஒரே நாளில் வந்தது தற்செயலாக இருக்கலாம். மென்பொருள் மையம் வழியாக பயாஸ் அப்டேட்டும் சேர்ந்து வந்திருக்கவும் கூடும்.

கெர்னல் பயாஸையே கெடுத்த கதை ஒன்று நிஜமாகவே உண்டு. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10-இல், பயாஸ் சிப்பை அணுகும் இன்டெல் எஸ்பிஐ டிரைவர் இயங்கும்படி வந்ததால், சில லெனோவோ லேப்டாப்களில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் போனது. டிசம்பரில் பதிவிறக்கத்தையே நிறுத்தி, 2018 ஜனவரியில் திருத்திய படிமத்தை வெளியிட்டார்கள். அரிது என்பதால்தான் இன்றும் பேசப்படுகிறது.

லோகோ வருகிறது, உடனே கையொப்பப் பிழை

'பேட் ஷிம் சிக்னேச்சர்', அதற்கடுத்து 'யூ நீட் டு லோட் த கெர்னல் ஃபர்ஸ்ட்' என்று வந்தால், செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவங்க விடும் பாதுகாப்பு) இயங்கும் லேப்டாப்பில் கையொப்பமில்லாத கெர்னலைப் போட்டிருக்கிறீர்கள். டிஸ்ட்ரோ தராத, மூல வடிவிலான மெயின்லைன் கெர்னலைத் தனியாக இறக்கிப் போடுபவர்களுக்கு இது கட்டாயம் வரும். பழைய கெர்னலில் நுழைந்து அதை நீக்குங்கள். இல்லையென்றால் பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள்.

'எஸ்பிஏடி செல்ஃப்-செக் ஃபெயில்டு' என்று சொல்லிவிட்டு அணைந்துபோனால் கதை வேறு. 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் ஒன்று செக்யூர் பூட்டின் கீழ் கிரப்பை ஏற்றித் தரும் பழைய ஷிம் துவக்கிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்ததால், இரட்டை இயங்குதளம் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் பக்கம் திறக்கவில்லை. எந்தக் கெர்னலைத் தேர்ந்தெடுத்தாலும் இதில் பயனில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸில் நுழைந்து, ஷிம், கிரப் பொதிகளை அப்டேட் செய்துவிட்டு மறுபடி இயக்க வேண்டும்.

கெர்னல் பேனிக்: 'அன்னோன்-பிளாக் (0,0)'

திரையில் 'அன்ஏபிள் டு மவுன்ட் ரூட் எஃப்எஸ்' என்று நின்றுவிட்டால், பத்தில் எட்டு தடவை இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு இல்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது. கெர்னல் கண் திறந்ததும் டிஸ்க்கைப் படிக்கத் தேவையான டிரைவர்கள் அந்தப் பொட்டலத்தில்தான் இருக்கின்றன. அது கிடைக்காவிட்டால் உங்கள் ரூட் பகிர்வு (இயங்குதளம் இருக்கும் டிஸ்க் பகுதி) எங்கே என்றே அதற்குத் தெரியாது.

பாதியில் நிற்பதற்கு இரண்டு வழக்கமான காரணங்கள். ஒன்று, பேட்டரி செத்த லேப்டாப்பைச் சுவரில் செருகியே ஓட்டுவது. அப்டேட் நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. இன்னொன்று, பூட் பகிர்வு (கெர்னல் கோப்புகள் இருக்கும் பகுதி) நிரம்பிவிடுவது. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்கு பூட் தனிப் பகிர்வாக இருக்கும்; பழைய நிறுவல்களில் சில நூறு எம்பி அளவில்தான். என்விடியா டிரைவர் தொகுதிகளும் உள்ளே சேர்ந்தால் ஒரு இனிட்ராம்எஃப்எஸ் கோப்பே நூறு எம்பியைத் தாண்டும்.

பழைய கெர்னலில் நுழைந்து 'எல்எஸ் -எல்ஹெச் /பூட்' கொடுங்கள். ஒவ்வொரு 'விஎம்லினஸ்' கோப்புக்கும் அதே பதிப்பு எண்ணுடன் ஒரு 'இனிட்ஆர்டி' கோப்பு ஜோடியாக இருக்க வேண்டும். பழையது 70 எம்பி, புதியது 12 எம்பி என்று இருந்தால் எழுதும்போதே நின்றிருக்கிறது. ஜோடியே காணோம் என்றால் எழுதவே தொடங்கவில்லை. அடுத்து 'டிஎஃப் -ஹெச் /பூட்'. நூறு சதவீதம் என்று காட்டினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இடமில்லை என்றால் 'சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ் --பர்ஜ்' கொடுத்து மிகப் பழைய கெர்னல்களை நீக்குங்கள். இடமே இல்லாமல் ஏபிடியும் (பொதிகளைப் போட்டு நீக்கும் கருவி) பாதியில் முரண்டு பிடித்தால், இப்போது ஓடாத மிகப் பழைய பதிப்பின் இனிட்ஆர்டி கோப்பு ஒன்றை மட்டும் அழித்து மூச்சுவிட இடம் கொடுத்து, பிறகு முறைப்படி நீக்குங்கள். எது ஓடுகிறது என்பதை 'யுநேம் -ஆர்' சொல்லும். அந்த எண்ணை மட்டும் தொட்டுவிடாதீர்கள். பின்பு இந்த வரிசையில்:

சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ
சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே (புது பதிப்பு எண்)
சூடோ அப்டேட்-கிரப்

ஃபெடோராவில் இந்த மூன்று வரிகளுக்கும் பதில் 'சூடோ டிராகட் -எஃப் --கேவெர்' என்று தட்டிப் பதிப்பு எண்ணைக் கொடுங்கள். இடப் பிரச்சினை திரும்பத் திரும்ப வந்தால், இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' என்பதை 'டெப்' என்று மாற்றலாம், கோப்பு நன்றாகவே சுருங்கும். ஆனால் அதன் பிறகு அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு லேப்டாப்பில் செருகினால் கிளம்பாமல் போகலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

'(இனிட்ராம்எஃப்எஸ்)' என்ற வரியில் வந்து நிற்கிறது

பிஸிபாக்ஸ் என்று ஒரு தலைப்பு, கீழே அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ், ஒரு மினுக்கும் கோடு. முதலில் 'எக்ஸிட்' என்று தட்டுங்கள். ஏன் அங்கே நிற்கிறது என்பதைத் திரும்ப ஒருமுறை சொல்லும். இரண்டில் ஒன்று வரும்.

'ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி' என்று சொன்னால் கோப்பு முறைமையில் பிசகு இருக்கிறது. அதே செய்தியில் பகிர்வின் பெயரும் இருக்கும். 'எஃப்எஸ்சிகே -ஒய்' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு அந்தப் பெயரைக் கொடுங்கள். முடிந்ததும் 'ரீபூட்'. இது இஎக்ஸ்டி4 வகைக் கோப்பு முறைமைக்கு மட்டும் பொருந்தும். பிடிஆர்எஃப்எஸ் வகை வைத்திருப்பவர்கள் அதற்கான பழுதுபார்ப்புக் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக் கூடாது, உள்ளதும் போகும். இதே பிழை அடுத்த வாரமும் வந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது. முதலில் பேக்கப் எடுத்துவிட்டு, டிஸ்க் நலத்தைக் காட்டும் 'ஸ்மார்ட்சிடிஎல்' வைத்துப் பாருங்கள்.

கெர்னலே கோப்பு முறைமையைக் கெடுப்பது நடக்கவே நடக்காதா? நடந்திருக்கிறது. 2023 டிசம்பரில் டெபியன் 12.3 வெளியாக இருந்த நேரத்தில், 6.1.64 கெர்னலில் இஎக்ஸ்டி4 தரவைச் சிதைக்கும் பிழை இருப்பது தெரிந்து, வெளியீட்டை நிறுத்தி, 6.1.66 கெர்னலோடு நேராக 12.4-ஐ வெளியிட்டார்கள்.

'யுயுஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று சொன்னால் டிஸ்க்கே கண்ணில் படவில்லை. பகிர்வுகளைப் பட்டியலிடும் 'பிஎல்கேஐடி' தட்டிப் பாருங்கள். பட்டியல் காலியாக வந்தால் டிஸ்க் டிரைவர் ஏறவில்லை. பழைய கெர்னலில் இதே டிஸ்க் தெரிகிறது என்றால் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மேலே சொன்னபடி மறுபடி கட்டினால் போதும். எந்தக் கெர்னலிலும் தெரியவில்லை என்றால் பயாஸுக்குள் போய் ஸ்டோரேஜ் வகை ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு அல்லது விஎம்டி என்று மாறியிருக்கிறதா பாருங்கள். பயாஸ் அப்டேட் ஆனால் இந்த அமைப்பு ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடுவதுண்டு.

லோகோ, செய்திகள் எல்லாம் ஓடி, கடைசியில் கறுப்புத் திரை

என்விடியா லேப்டாப்களின் நிரந்தரத் தலைவலி இது. முதலில் லேப்டாப் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்: கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் லாகின் வரி வருகிறதா? வந்தால் கெர்னல் கிளம்பிவிட்டது, படம் காட்டும் பகுதி மட்டும்தான் விழுந்திருக்கிறது. வராவிட்டால் கிரப் வரியில் 'ஈ' அழுத்தி 'நோமோட்செட்' என்று சேர்த்துக் கிளப்புங்கள். திரை பெரிதாக, மந்தமாக வரும். உள்ளே நுழைய அது போதும்.

என்விடியாவின் டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு கெர்னல் பதிப்புக்கும் தனியாக ஒரு தொகுதி வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவிதான் ஒவ்வொரு அப்டேட்டின்போதும் அதைக் கட்டித் தருகிறது. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுங்கள். புது கெர்னலின் எண்ணுக்கு எதிரே 'இன்ஸ்டால்டு' என்று இருக்க வேண்டும். அந்த எண்ணே இல்லை, அல்லது 'ஆடட்' என்று மட்டும் இருக்கிறது என்றால் கட்டப்படவில்லை.

ஏன் கட்டப்படவில்லை? பெரும்பாலும், தொகுதியைக் கட்டத் தேவையான ஹெட்டர் பொதி வரவில்லை. 'லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனரிக்' போட்டுவிட்டு 'சூடோ டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் -கே' கொடுத்துப் புது பதிப்பு எண்ணைச் சேருங்கள். அப்போதும் கட்ட மறுத்தால், டிரைவர் பழசு, கெர்னல் புதுசு, இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. பழைய ஜீஃபோர்ஸ்காரர்களுக்குத்தான் இந்த நிலைமை அதிகம். 390 டிரைவர் தொடருக்கான ஆதரவை என்விடியா 2022-லும் 470-க்கு 2024-லும் முடித்துவிட்டது. அப்படிப்பட்ட லேப்டாப்பில் ஒன்று கெர்னலோடு வரும் திறந்த மூல நோவோ டிரைவருக்கு மாறுங்கள், அல்லது பழைய எல்டிஎஸ் கெர்னலிலேயே இருங்கள். புது கெர்னலும் வேண்டும், பழைய டிரைவரும் வேண்டும் என்று இழுத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். என்விடியா தளத்திலிருந்து '.ரன்' கோப்பை இறக்கிப் போட்டவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: அதை நீக்கிவிட்டு, உங்கள் டிஸ்ட்ரோ தரும் பொதிக்கு மாறுங்கள்.

தொகுதி சரியாகக் கட்டப்பட்டும் ஏறவில்லையா? 'சூடோ மாட்ப்ரோப் என்விடியா' கொடுங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று பதில் வந்தால் செக்யூர் பூட் தடுக்கிறது. உங்கள் கணினியிலேயே கட்டிய தொகுதி உங்கள் கணினியின் சாவியால் கையொப்பம் இடப்பட்டிருக்கும். அந்தச் சாவியை ஷிம்முக்கு ஒருமுறை அறிமுகப்படுத்தியாக வேண்டும். உபுண்டுவில்:

சூடோ மோக்யூட்டில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்/மோக்.டிஇஆர்

கடைசிக் கோப்புப் பெயரில் 'மோக்' (அந்தச் சாவியின் பெயர்) மட்டும் பெரிய எழுத்தில் வரும். கட்டளை ஒரு கடவுச்சொல் கேட்கும். ஒருமுறை மட்டும் பயன்படுவது என்பதால் எட்டு எண்களாக வைத்துக்கொள்ளுங்கள். குறியீடுகளைப் போட்டால், அடுத்து வரும் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருப்பதால் சிக்கிக்கொள்ள நேரலாம். இப்போது ரீபூட். நீல நிறத்தில் ஒரு திரை வந்து, ஏதாவது விசையை அழுத்தச் சொல்லிப் பத்து வினாடி எண்ணும். டீ எடுக்கப் போய்விடாதீர்கள். அந்தப் பத்து வினாடி போனால் மறுபடி முதலிலிருந்து கோரிக்கை வைக்க வேண்டியிருக்கும். 'என்ரோல் மோக்', 'கன்டின்யூ', 'யெஸ்', கடவுச்சொல், 'ரீபூட்' என்று வரிசையாகப் போனால் முடிந்தது.

ஃபெடோராவில் தொகுதி கட்டும் வேலையை ஏகேமாட்ஸ் என்ற கருவி செய்கிறது. அப்டேட் முடிந்ததும் அது பின்னணியில் சில நிமிடங்கள் கட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு உடனே ரீஸ்டார்ட் கொடுத்தால் கறுப்புத் திரைதான். 'மாட்இன்ஃபோ -எஃப் வெர்ஷன் என்விடியா' ('எஃப்' இங்கே பெரிய எழுத்து) என்பதற்கு டிரைவர் எண் பதிலாக வரும்வரை காத்திருங்கள்.

என்விடியாவே இல்லாத லேப்டாப்பில் கறுப்புத் திரை என்றால் 'சூடோ ஜேர்னல்சிடிஎல் -கே -பி -1' கொடுத்து, விழுந்த துவக்கத்தின் பதிவுகளைப் பாருங்கள். 'ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு வித் எரர் -2' என்ற பொருளில் வரி இருந்தால் கெர்னல் முன்னால் ஓடிவிட்டது, சிப்களுக்கான சிறு நிரல்கள் அடங்கிய லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதி பின்தங்கிவிட்டது. அதை அப்டேட் செய்து இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டுங்கள். ஏஎம்டி கிராஃபிக்ஸில் இது சகஜம்.

வைஃபை மட்டும் காணாமல் போனாலும் கதை கிட்டத்தட்ட இதுவே: பிராட்காம், சில ரியல்டெக் சிப்கள் டிகேஎம்எஸ்ஸை நம்பி இருப்பவை. 'லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா' பொதி விட்டுப்போனாலும் வைஃபை, ஒலி இரண்டும் போகும். நெட் இல்லாமல் பொதியை எப்படி இறக்குவது? கைபேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள், அதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது.

திரை வெள்ளையாகப் பளிச்சிட்டு மினுங்குகிறது

அணையுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாவது அணையுங்கள். 2022 அக்டோபரில் 5.19.12 கெர்னல் ஓடிய சில இன்டெல் லேப்டாப்களில் இதுதான் நடந்தது. திரைக்கு மின்சாரம் கொடுக்கும் கால இடைவெளிகளைக் கெர்னல் தவறாகப் படித்ததே காரணம். திரையே பழுதாகலாம் என்று இன்டெல் டிரைவர் பொறியாளர் வில்லே சிர்யாலா எச்சரித்தார். 5.19.13 அவசரமாக வந்து அதைச் சரிசெய்தது. மென்பொருள் கோளாறுதானே, கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று விடக்கூடாத ஒரே அறிகுறி என் கணக்கில் இதுதான்.

எந்தக் கெர்னலிலும் உள்ளே போக முடியவில்லை

லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) கிளப்புங்கள். என்கிரிப்ட் செய்த டிஸ்க் என்றால் முதலில் ஃபைல் மேனேஜரில் அதைக் கிளிக் செய்து கடவுச்சொல் கொடுத்துத் திறங்கள். பிறகு ரூட் பகிர்வை 'எம்என்டி' அடைவில் மவுன்ட் செய்து, பூட், இஎஃப்ஐ பகிர்வுகளை அதனதன் இடத்தில் மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் '--பைண்ட்' சேர்த்து இணைத்து, 'சூடோ குரூட் /எம்என்டி' கொடுத்தால் உங்கள் சொந்தக் கணினிக்குள் இருப்பீர்கள். மேலே சொன்ன இனிட்ராம்எஃப்எஸ், கிரப் கட்டளைகள் எல்லாம் அங்கே அப்படியே வேலை செய்யும். பூட் தனிப் பகிர்வாக இருந்து அதை மவுன்ட் செய்ய மறந்துவிட்டால், எல்லாம் வெற்றி என்றுதான் திரை சொல்லும்; கோப்புகள் தவறான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

மூடி வைத்த லேப்டாப் பைக்குள் கொதிக்கிறது

இனி மின்சார விஷயம். தூங்குவதில் இரண்டு வகை உண்டு. பழைய எஸ்3 முறையில் நினைவகம் தவிர எல்லாம் அணைந்துவிடும். புதிய லேப்டாப்களில் வருவது எஸ்2ஐடில்: கணினி ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு பாகமும் ஆழ்ந்த ஓய்வுக்குப் போக வேண்டும். ஒரு பாகம் விழித்திருந்தாலும் மொத்தமும் தூங்காது. கெர்னல் மாறும்போது எந்த டிரைவராவது அப்படி விழித்துக்கொண்டால் சூடும், காலையில் காலியான பேட்டரியும்தான் மிச்சம்.

'கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப்' கொடுத்தால் '[எஸ்2ஐடில்] டீப்' என்று வரலாம். அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போது நடப்பில் உள்ளது. டீப் என்ற சொல் பட்டியலில் இருந்தால், கிரப் வரியில் 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப்' என்று ஒருமுறை சேர்த்துச் சோதிக்கலாம். இல்லாவிட்டால் லேப்டாப்பில் அந்த வசதியே இல்லை. எந்த அளவுருவும் அதைக் கொண்டுவராது. 2018-இன் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறையில் முதலில் எஸ்3 இல்லாமல் வந்து, பிறகு பயாஸ் அப்டேட்டில் 'லினக்ஸ்' என்றே ஒரு தூக்க விருப்பத்தைச் சேர்த்தார்கள். உங்கள் பயாஸிலும் அப்படி ஒரு விருப்பம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தூங்குகிறதா என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். இரவு மூடுமுன் 'கேட் /சிஸ்/கிளாஸ்/பவர்_சப்ளை/பேட்0/எனர்ஜி_நவ்' கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'பேட்' இங்கே பெரிய எழுத்து. காலையில் மறுபடி. எண் மைக்ரோவாட்-மணியில் இருக்கும். இரவில் 41200000, எட்டு மணி நேரம் கழித்து 37600000 என்றால் போனது 3.6 வாட்-மணி, அதாவது சராசரியாக அரை வாட்டுக்கும் கீழே. நல்ல தூக்கம். காலையில் 17200000 என்று நின்றால் சராசரியாக 3 வாட் போயிருக்கிறது, லேப்டாப் தூங்கவே இல்லை. பழைய கெர்னலில் ஓர் இரவு, புதியதில் ஓர் இரவு அளந்தால் யார் மேல் பழி என்பது தெளிவாகிவிடும்.

அடுத்து, 'ஜேர்னல்சிடிஎல்' பதிவில் 'சஸ்பெண்ட் என்ட்ரி', 'சஸ்பெண்ட் எக்ஸிட்' வரிகளைத் தேடுங்கள். இரவில் ஒரே ஒரு ஜோடி இருக்க வேண்டும். பத்து இருபது இருந்தால் ஏதோ ஒன்று தட்டி எழுப்புகிறது. பெரும்பாலும் யுஎஸ்பி, வயர்லெஸ் மவுஸின் டாங்கிளைக் கழற்றிவிட்டு ஓர் இரவு பாருங்கள். 'கேட் /ப்ராக்/ஏசிபிஐ/வேக்அப்' கொடுத்தால் எழுப்பும் உரிமை உள்ளவற்றின் பட்டியல் வரும். ஒரு ஜோடிதான் இருக்கிறது, ஆனாலும் பேட்டரி போகிறது என்றால் ஆழ்ந்த ஓய்வுக்குப் போகவில்லை. ஏஎம்டி லேப்டாப்பில் 'ஏஎம்டி-டீபக்-டூல்ஸ்' பொதியிலுள்ள 'ஏஎம்டி-எஸ்2ஐடில் டெஸ்ட்' எந்தப் பாகம் தடுக்கிறது என்று வாக்கியமாகவே சொல்லிவிடும். இன்டெலில் பிஎம்சி_கோர் அடைவிலுள்ள ஆழ்ந்த ஓய்வு நேரத்தைக் காட்டும் 'எஸ்எல்பி_எஸ்0' கணக்கு தூங்கி எழுந்த பிறகும் பூஜ்யமாகவே இருந்தால் அதே பொருள்.

தூங்கி எழும்போது கறுப்புத் திரை, அதுவும் என்விடியா லேப்டாப்பில் என்றால், 'என்விடியா-சஸ்பெண்ட்', 'என்விடியா-ரெஸ்யூம்' சேவைகள் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று 'சிஸ்டம்சிடிஎல் ஈஸ்-எனேபிள்டு' மூலம் பாருங்கள். ஹைபர்னேட் (நினைவகத்தை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதும் அணைவது) மட்டும் மறைந்துவிட்டது என்றால் அது கோளாறே இல்லை, செக்யூர் பூட் இயங்கும்போது பல டிஸ்ட்ரோக்களில் கெர்னலே அதைப் பூட்டி வைக்கிறது.

ஓடும்போதே பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

ஒரே வெளிச்சம், ஒரே வைஃபை, பிரவுசர் மூடி, சார்ஜர் கழற்றி, 'பவர்டாப்' கருவி காட்டும் வாட் அளவைப் பழைய கெர்னலிலும் புதியதிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்; இல்லையென்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

என்விடியா சிப் தூங்குகிறதா என்பது முதல் சந்தேகம். பிசிஐ அடைவில் அதன் 'ரன்டைம்_ஸ்டேட்டஸ்' கோப்பு 'சஸ்பெண்டட்' என்று சொல்ல வேண்டும். 'ஆக்டிவ்' என்றால் வேலையே இல்லாமல் சில வாட்களைத் தின்றுகொண்டிருக்கும். அடுத்து, மின்சேமிப்புக் கருவிகளான டிஎல்பியும் பவர்-புரொஃபைல்ஸ்-டீமனும் ஒன்றாக ஓடுகின்றனவா? ஒரே அமைப்பை இரண்டும் மாற்றி மாற்றி எழுதும். ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஃபெடோரா 41 முதல் பவர்-புரொஃபைல்ஸ்-டீமன் இடத்தில் ட்யூன்ட் வந்துவிட்டது, டிஎல்பி வைத்திருந்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ரைசன் லேப்டாப்பில், சிபியு வேகத்தை எந்த டிரைவர் நிர்வகிக்கிறது என்று சொல்லும் 'ஸ்கேலிங்_டிரைவர்' கோப்பைப் பாருங்கள். 6.5 கெர்னலிலிருந்து தகுதியான சிப்களில் ஏஎம்டி-பிஸ்டேட் தானாக வர வேண்டும். பழைய ஏசிபிஐ-சிபியுஃப்ரெக் என்று காட்டினால், பயாஸில் அதற்குத் தேவையான சிபிபிசி என்ற அமைப்பு அணைந்திருக்கலாம்.

கெர்னலே காரணமான வழக்கும் உண்டு. 2011-இல் வந்த 2.6.38, பயாஸ் சரியாகச் சொல்லாத லேப்டாப்களில் ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு வசதியை அணைத்துவிட்டது. 2012-இன் 3.3 வரும்வரை பலரும் ஓர் அளவுருவைச் சேர்த்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

ஷட்டவுன் ஆகாமல் நிற்கிறது

'ஏ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்று 90 வினாடி எண்ணினால் அது கெர்னல் விவகாரம் இல்லை, ஏதோ ஒரு சேவை மூட மறுக்கிறது. திரை அணைந்தும் விளக்கும் விசிறியும் ஓடினால்தான் கெர்னல். யுஎஸ்பியில் செருகிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முயலுங்கள். ரீபூட்டில் மட்டும் தொங்கினால் 'ரீபூட்=பிசிஐ' அளவுருவைச் சோதிக்கலாம். உறைந்து நிற்கும்போது பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன் ஆல்ட்-சிஸ்ஆர்க்யூ (பெரும்பாலும் பிரின்ட் ஸ்கிரீன் விசை) பிடித்தபடி எஸ், யு, பி எழுத்துகளை இடைவெளி விட்டுத் தட்டுங்கள். உபுண்டுவில் இந்த மூன்றும் திறந்தே இருக்கும். தரவை டிஸ்க்கில் எழுதி, படிக்க மட்டும் என மாற்றி, பிறகு ரீபூட் ஆகும்.

திரை வெளிச்ச விசை வேலை செய்யாவிட்டால் 'ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ்', அடுத்து 'வீடியோ' என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். 6.1 கெர்னலில் அந்தப் பகுதியை மாற்றி எழுதியபின் சில மாடல்களில் இது தேவைப்படுகிறது. ஆனால் யாராவது 'ஏசிபிஐ=ஆஃப்' சேர்க்கச் சொன்னால் கேட்காதீர்கள். பேட்டரி அளவு, தூக்கம் எல்லாவற்றையும் சேர்த்து அணைக்கும் அளவுரு அது.

கெர்னல்தான் என்று உறுதியானால்

பழைய கெர்னலிலேயே தங்குங்கள். உபுண்டுவில் 'சூடோ ஏபிடி-மார்க் ஹோல்ட்' கொடுத்து லினக்ஸ்-ஜெனரிக், லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக், லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனரிக் பொதிகளைப் பிடித்து வையுங்கள். ஃபெடோராவில் 'கிரப்பி --செட்-டிஃபால்ட்' மூலம் பழையதை இயல்பாக்குங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் இது சில வாரங்களுக்கான ஏற்பாடு மட்டுமே.

பிறகு புகார். உபுண்டுவில் 'உபுண்டு-பக் லினக்ஸ்' தேவையான பதிவுகளைத் தானே திரட்டிக்கொள்ளும். எந்தப் பதிப்பு ஓடியது, எந்தப் பதிப்பு ஓடவில்லை என்ற இரண்டு எண்களும் புகாரில் இருக்க வேண்டும். நேற்று ஓடியது இன்று ஓடாவிட்டால் அது கெர்னலின் குற்றம் என்பதில் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர். தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ் இத்தகைய பின்னடைவுகளைக் கண்காணிக்கத் தனி ஏற்பாடே நடத்துகிறார். மெயின்லைன் கெர்னல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எந்த எண்ணில் கெட்டது என்று குறுக்கிக்கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும். கிட் பைசெக்ட் (மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை) தெரிந்தவர்கள் இரண்டு வெளியீடுகளுக்கு நடுவிலுள்ள பத்துப் பதினைந்தாயிரம் மாற்றங்களில் குற்றவாளியைப் பதினான்கு சோதனைகளுக்குள் பிடித்துவிடலாம்.

திருத்திய கெர்னல் வந்ததும் 'ஏபிடி-மார்க் அன்ஹோல்ட்' கொடுத்துப் பிடியை விட மறக்காதீர்கள். எது பிடியில் இருக்கிறது என்று 'ஏபிடி-மார்க் ஷோஹோல்ட்' காட்டும்.